ஜெட் இணைவு உலையின் பணிநிறுத்தக் காலப் பராமரிப்பு

ஜெட் இணைவு உலையின் பணிநிறுத்தக் காலப் பராமரிப்பு என்பது, இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுசயரில் உள்ள கல்லம் என்னும் இடத்தில் 1983 முதல் 2023 வரை இயங்கிய ஜெட் (கூட்டு ஐரோப்பிய டோரசு) எனும் அணுக்கரு இணைவு ஆய்வு உலையில், இரு சோதனைச் சுற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நடைபெற்ற பழுதுபார்ப்பு, உறுப்பு மாற்றம், மேம்பாடு ஆகிய பணிகளைக் குறிக்கும். ஜெட் ஓர் ஆய்வு உலையாதலால் ஆண்டு முழுவதும் இடையறாது இயங்கவில்லை. சில மாதங்கள் சோதனை, பின்னர் சில மாதங்கள் பணிநிறுத்தம் என்ற ஒழுங்கில் அதன் வாழ்நாள் கழிந்தது. சில பணிநிறுத்தங்கள் ஓராண்டுக்கும் மேல் நீடித்தன. இன்று பெரிதும் அறியப்படும் ஜெட்டின் ஆற்றல் சாதனைகள், இப்பணிநிறுத்தங்களில் செய்யப்பட்ட மாற்றங்களைச் சார்ந்தே அமைந்தன.

பின்னணி

ஜெட் ஒரு டோக்காமாக் வகை உலை. டோக்காமாக் என்பது, வடை போன்று நடுவில் துளையுள்ள வளைய வடிவக் கலத்துக்குள் மிகுந்த வெப்பமுடைய பிளாசுமாவைக் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் கருவியாகும். ஜெட்டின் பிளாசுமா பத்து கோடி பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலையை எட்டியது. அந்த வெப்பநிலையைத் தாங்கும் பொருள் எதுவும் உலகில் இல்லை. எனவே பிளாசுமா சுவரைத் தொடாதவாறு காந்தப்புலம் தடுக்கிறது. ஆயினும் அத்தடுப்பு முழுமையானதன்று. பிளாசுமாவின் விளிம்பிலிருந்து வெளியேறும் துகள்களும் வெப்பமும் ஏதேனும் ஓரிடத்தில் சுவரில் விழுந்தே தீரும். அவ்வாறு விழும் இடங்களில் ஓடுகள் (சுவரைக் காக்கும் தனித்தனிப் பாளங்கள்) பதிக்கப்பட்டிருக்கும். அவை அரிக்கப்படுகின்றன, சில நேரங்களில் உருகுகின்றன, சில வெடிக்கின்றன. பணிநிறுத்தக் காலத்தில் உலையின் உட்புறத்தில் நடைபெறும் வேலையில் பெரும்பகுதி இந்த ஓடுகளைப் பற்றியதே.

ஜெட்டின் கட்டுமானம் 1978இல் தொடங்கியது. 1983 சூன் 25 அன்று முதல் பிளாசுமா உண்டாக்கப்பட்டது. கலத்தின் நடுவிலிருந்து பிளாசுமாவின் மையம் வரையிலான தொலைவு ஏறத்தாழ 3 மீட்டர். உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். வெற்றிடக் கலம் இன்கோனல் எனப்படும் நிக்கல் கலப்புலோகத்தால் ஆனது. எட்டு சமப் பகுதிகளாகச் செய்து ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டது. அதனைச் சுற்றி 32 பெரும் செப்புக் கம்பிச்சுருள்கள் உள்ளன. கலத்துக்குள் செல்லும் வாயில்கள் இச்சுருள்களுக்கு இடையே அமைந்தவையாதலால் குறுகலானவை. ஒரு பொருளைக் கலத்துக்குள் கொண்டு செல்வதற்கு அவ்வாயிலைத் தவிர வேறு வழியில்லை என்பதே இப்பராமரிப்பின் முதல் இடர்.

ஒவ்வொரு வெடிப்புக்கும் (ஒரு முறை பிளாசுமாவை உண்டாக்கி அணைப்பது இங்கு ஒரு வெடிப்பு எனப்படும், இது குண்டுவெடிப்பு அன்று) தேவையான மின்திறன் நாட்டின் மின்கட்டமைப்பிலிருந்து முழுமையாகப் பெற இயலாத அளவுக்குப் பெரியது. ஆகவே ஒவ்வொன்றும் 775 டன் எடையுள்ள சுழலியைக் கொண்ட இரு சக்கர மின்னாக்கிகளில் ஆற்றல் சிறிது சிறிதாகச் சேமிக்கப்பட்டு, சில நொடிகளில் வெளியிடப்பட்டது. இவற்றின் தாங்கிகள், மின்மாற்றிகள், குளிர்நீர்க் குழாய்கள், வெற்றிட எக்கிகள் ஆகியவற்றின் பராமரிப்பும் பணிநிறுத்தக் காலத்திலேயே நடைபெற்றது. அவை ஒரு பெரிய அனல்மின் நிலையத்தின் பராமரிப்பினின்று பெரிதும் வேறுபட்டவை அல்ல. ஆகையால் இக்கட்டுரை கலத்தின் உட்புறப் பணிகளையே விரிவாகக் கூறுகிறது.

கதிரியக்கமும் நச்சும்

இணைவு உலையில் அணுப்பிளவு உலையைப் போன்று நீண்டகாலம் கதிர்வீசும் எரிபொருட் கழிவு உண்டாவதில்லை. ஆனால் இணைவில் வெளிப்படும் நொதுமிகள் (நியூட்ரான்கள்) கலத்தின் உலோகத்தைக் கதிரியக்கமுடையதாக்குகின்றன. டியூட்டீரியம் மட்டும் பயன்படும்போது வெளிவரும் நொதுமியின் ஆற்றல் 2.45 மெகா எலக்ட்ரான்வோல்ட்டு. டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேரும்போது அது 14.1 மெகா எலக்ட்ரான்வோல்ட்டு. இன்கோனலில் உள்ள நிக்கலிலிருந்து கோபால்ட்டு-58 உண்டாகிறது. அதன் அரைவாழ்வு 71 நாட்கள். கோபால்ட்டு-60இன் அரைவாழ்வு ஐந்தாண்டுகளுக்கும் சற்று மேல். உலையை நிறுத்திவிட்டுச் சில மாதங்கள் காத்திருந்தால் முன்னதன் கதிர்வீச்சு வெகுவாகக் குறையும். பின்னதற்காகக் காத்திருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எப்போது கலத்தைத் திறப்பது என்ற முடிவு இக்கணக்கை ஒட்டியே எடுக்கப்பட்டது. பிரித்தானியச் சட்டப்படி கதிரியக்கச் சூழலில் பணிபுரிபவர் ஓராண்டில் பெறத்தக்க உச்ச அளவு 20 மில்லிசீவர்ட்டு ஆகும்.

இரண்டாவது இடர் டிரிட்டியம். இது ஐதரசனின் கதிரியக்க ஓரிடத்தான், அரைவாழ்வு 12.3 ஆண்டுகள். இதன் கதிர்வீச்சு தோலைக் கடக்காது. ஆயினும் மூச்சின் வழியும் தோலின் வழியும் நீராவியாக உடலுக்குள் சென்றால் தீங்கு விளைவிக்கும். மூன்றாவது பெரிலியம். 1989 முதல் ஜெட்டின் சுவரில் பெரிலியம் ஆவியாக்கிப் பூசப்பட்டு வந்தது. பெரிலியத் தூசியைச் சுவாசித்தவர்களுள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தீராத நுரையீரல் நோய் வரக்கூடும். ஆகவே கலத்துக்குள் சென்றவர்கள் வெளியிலிருந்து காற்றூட்டப்பட்ட முழுவுடற் கவச உடை அணிந்தனர். உடை அணிவதற்கும் களைவதற்கும் தூய்மைப்படுத்துவதற்கும் ஆகும் நேரத்தைக் கழித்தால், ஒருவர் உள்ளே உண்மையில் வேலை செய்யும் நேரம் மிகச் சொற்பமே.

தொடக்ககாலப் பணிநிறுத்தங்கள்

1980களில் கலத்தின் கதிரியக்கம் குறைவாக இருந்ததால் ஆட்களே உள்ளே சென்று வேலை செய்தனர். 1991 நவம்பர் 9 அன்று ஜெட்டில் முதன்முறையாகக் கணிசமான அளவு டிரிட்டியம் கலந்த எரிபொருள் பயன்படுத்தப்பட்டது. அச்சோதனையில் டிரிட்டியத்தின் பங்கு வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டது. அதற்குக் காரணம் அடுத்து வரவிருந்த பணிநிறுத்தமே. மிகுதியான நொதுமிகள் உண்டாகியிருந்தால் கலம் ஆட்கள் நுழைய முடியாத இடமாகியிருக்கும். அந்நிலையில் அடுத்த மேம்பாடே நடந்திராது. ஒரு சோதனையின் அளவைப் பராமரிப்பின் தேவை கட்டுப்படுத்தியதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

அம்மேம்பாடு 1992இல் தொடங்கி 1994இன் தொடக்கம் வரை நீடித்தது. பிளாசுமாவின் கழிவுத் துகள்களைக் கலத்தின் அடிப்பகுதிக்குத் திருப்பி அங்கிருந்து வெளியேற்றும் கழிவு திருப்பி (டைவர்ட்டர்) என்னும் அமைப்பு அப்போது நிறுவப்பட்டது. இதற்கெனக் கலத்தின் அடியில் நான்கு பெரிய செப்புச் சுருள்கள் தேவைப்பட்டன. கலத்தைச் சுற்றிவரும் அளவுடைய சுருள் வாயில் வழியே நுழையாது என்பதால் செப்புக் கடத்திகளைத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுசென்று, கலத்துக்குள்ளேயே சுருள்களைச் செய்து முடித்தனர். வாய் சிறுத்த குதிருக்குள் இறங்கி, அதனுள்ளேயே ஒரு கட்டிலைச் செய்து முடிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். கவச உடைக்குள் இருந்துகொண்டு, ஒரு சிறு கசிவும் இல்லாதவாறு இதைச் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன் பின்னர் நிறுவப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கழிவு திருப்பியின் அடித்தளம், மிகுந்த துல்லியத்துடன் ஆட்களால் ஒருமுறை பொருத்தப்பட்டது. அதன்மேல் வைக்கப்படும் ஓட்டுத் தாங்கிகள் மட்டும் கழற்றி மாட்டத்தக்கவையாக வடிவமைக்கப்பட்டன. இனிமேல் ஆள் உள்ளே செல்ல முடியாத நாள் வரும் என்பதை வடிவமைப்பாளர்கள் முன்னரே கணக்கிற் கொண்டிருந்தனர்.

தொலைக்கையாளுதல்

அந்நாள் 1997இல் வந்தது. அவ்வாண்டு நடந்த டியூட்டீரியம்-டிரிட்டியம் சோதனைகளில் ஜெட் 16.1 மெகாவாட்டு இணைவுத் திறனை எட்டியது. உலைக்குள் செலுத்தப்பட்ட வெப்பத் திறன் ஏறத்தாழ 24 மெகாவாட்டு. சோதனைகள் முடிந்தபின் டியூட்டீரியத்தை மட்டும் கொண்டு பல வாரங்கள் உலையை இயக்கி, சுவரில் தங்கிய டிரிட்டியத்தை இயன்றவரை வெளியேற்றினர். அப்போதும் கலம் ஆட்கள் பணிபுரியத்தக்கதாக இல்லை.

1998இல் கழிவு திருப்பியின் ஓட்டுத் தாங்கிகள் முழுவதும் ஆட்கள் உள்ளே செல்லாமலேயே கழற்றப்பட்டு, புதிய வடிவிலானவை மாட்டப்பட்டன. ஓர் இணைவு உலையின் உட்புறத்தில் இத்தகைய பெரும் மாற்றம் முழுக்க முழுக்கத் தொலைவிலிருந்து செய்யப்பட்டது இதுவே முதன்முறை. இது சில மாதங்களில் முடிவடைந்தது.

இதற்குப் பயன்பட்ட முதன்மைக் கருவி, பல மூட்டுகளைக் கொண்ட நீண்ட தூக்குக்கரம் ஆகும். அது கலத்தின் ஒரு வாயில் வழியே பாம்பு புற்றுக்குள் நுழைவது போல் வளைந்து நுழைந்து, வளையத்தின் மறுபக்கம் வரை சென்று சேரும். அதன் நுனியில் மாசுகாட் எனப்படும் இருகைக் கருவி பொருத்தப்பட்டிருக்கும். மாசுகாட் இத்தாலியில் முதலில் வடிவமைக்கப்பட்டு, கல்லத்தில் படிப்படியாக மேம்படுத்தப்பட்டது. எதிர்ப்புறமுள்ள மற்றொரு வாயில் வழியே இரண்டாவது தூக்குக்கரம் நுழையும். கருவிகளையும் ஓடுகளையும் எடுத்து வருவதும், கழற்றியவற்றை வெளியே கொண்டு போவதும் அதன் வேலை. கொத்தனாருக்குச் சித்தாள் எப்படியோ, முதற்கரத்துக்கு இரண்டாவது கரம் அப்படி.

மாசுகாட் தானியங்கி எந்திரன் அன்று. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்துள்ள இயக்குநர் தம் இரு கைகளால் ஒரு சோடிக் கைப்பிடிகளை அசைக்க, கலத்துக்குள் உள்ள கைகள் அவ்வாறே அசையும். உள்ளே ஒரு திருகாணி இறுகும்போது அந்த எதிர்ப்பு இயக்குநரின் கையிலும் உணரப்படும். இந்த உணர்வுத் திருப்பமே கருவியின் உயிர்நாடி. மரை பிசகி ஏறுகிறதா, ஓடு தன் இருக்கையில் முழுதும் அமர்ந்ததா என்பதை ஒளிப்படக்கருவியின் வழியே மட்டும் அறிய இயலாது, கைதான் அறியும். காட்சிக்கு ஒளிப்படக்கருவிகளோடு, கலத்தின் மெய்நிகர் உருவமும் கணினித் திரையில் காட்டப்பட்டது. தூக்குக்கரத்தின் ஒவ்வொரு மூட்டும் இந்த நேரத்தில் எங்கே உள்ளது, சுவருக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பன அதில் தெரியும்.

இயக்குநர்கள் நேரடியாகக் கலத்தில் வேலை செய்யத் தொடங்குவதில்லை. கல்லத்தில் கலத்தின் உட்புறம் முழு அளவில் மாதிரியாக அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வேலையும் முதலில் கணினியிலும் பின்னர் அம்மாதிரியிலும் செய்து பார்க்கப்பட்டு, படிப்படியான செயல்முறையாக எழுதப்பட்ட பின்னரே கலத்தில் செய்யப்பட்டது. புதிதாக வடிவமைக்கப்படும் உறுப்பு எதுவாயினும், மாசுகாட்டின் கைகளால் பிடிக்கவும் திருகவும் தக்கதாக உள்ளதா என்பது வரைபட நிலையிலேயே சரிபார்க்கப்பட்டது. கழன்று விழாமல் ஓட்டோடு ஒட்டியே இருக்கும் திருகாணிகள் பயன்படுத்தப்பட்டன. கீழே விழுந்த ஒரே ஒரு திருகாணி ஓடுகளுக்கிடையே சிக்கிக்கொண்டால் அதைத் தேடி எடுப்பதற்குள் நாட்கள் கழிந்துவிடும். எடுக்காமல் விட்டால் அடுத்த சுற்றில் அது உருகிப் பிளாசுமாவைக் கெடுக்கும்.

சுவர் மாற்றம் (2009-2011)

ஜெட்டின் வரலாற்றில் மிகப்பெரிய உட்புற மாற்றம் 2009 அக்டோபர் முதல் 2011 வரை நடைபெற்றது. அதுவரை சுவரின் ஓடுகள் கரிம இழைக் கலவையால் ஆனவை. கரிமம் உருகுவதில்லை, பிளாசுமாவுக்குள் சிறிது கலந்தாலும் பெரிய கேடில்லை. இணைவு ஆய்வாளர்களுக்கு அது பல ஆண்டுகள் கைகொடுத்த பொருள். ஆனால் 1997 சோதனைகள் அதன் குறையைக் காட்டின. அரிக்கப்பட்ட கரிமம் ஐதரசனோடு சேர்ந்து வேறிடங்களில் படலமாகப் படிகிறது. அப்படலத்தில் டிரிட்டியமும் சிக்கிக்கொள்கிறது. உலைக்குள் செலுத்திய டிரிட்டியத்தில் கணிசமான பங்கு இவ்வாறு சுவரிலேயே தங்கியது. பிரான்சில் கட்டப்பட்டு வரும் ஐட்டர் போன்ற பெரிய உலையில் இது நேர்ந்தால், சட்டம் அனுமதிக்கும் டிரிட்டிய அளவு விரைவில் எட்டப்பட்டு, உலையை நிறுத்த வேண்டி வரும்.

ஐட்டருக்குத் திட்டமிடப்பட்டது முதன்மைச் சுவரில் பெரிலியமும் கழிவு திருப்பியில் தங்குதனும் (டங்சுடன்) ஆகும். இவ்விரண்டையும் சேர்த்து எந்தப் பெரிய டோக்காமாக்கும் அதுவரை சோதித்ததில்லை. பல நாடுகள் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டும் உலையின் சுவரை, சோதித்துப் பாராமலேயே பொருத்துவதா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக ஜெட்டின் முழுச் சுவரையும் மாற்றுவதென முடிவாயிற்று. இதில் இடர் இல்லாமலில்லை. பெரிலியம் 1287 பாகை செல்சியசில் உருகும். தங்குதன் 3422 பாகை வரை உருகாது. ஆயினும் அது மிகக் கனமான தனிமம் ஆதலால், அதன் அணுக்கள் மிகச் சிறிதளவு பிளாசுமாவின் நடுப்பகுதியை அடைந்தாலும் ஒளியாக ஆற்றலை இறைத்துப் பிளாசுமாவைக் குளிர்வித்துவிடும். கரிமச் சுவரைக் கொண்டு உலகிலேயே மிகச்சிறப்பாக இயங்கிய உலை, புதிய சுவரோடு அவ்வாறே இயங்கும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை.

பழைய ஓடுகள் அகற்றப்பட்டு ஏறத்தாழ 2 டன் பெரிலியமும் 2 டன் தங்குதனும் கலத்துக்குள் பொருத்தப்பட்டன. கழற்றியும் மாட்டியும் கையாளப்பட்ட தனித்தனி உறுப்புகளின் எண்ணிக்கை எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டது. கழிவு திருப்பியில் மிகுதியான வெப்பம் விழும் வரிசைக்கு மட்டும் திண்மத் தங்குதனால் ஆன மெல்லிய தகடுகளை அடுக்கிய அமைப்பு பயன்பட்டது. அதனைச் செருமனியின் யூலிக் ஆய்வு மையம் உருவாக்கியது. ஏனைய வரிசைகளில் கரிம ஓடுகள்மேல் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரையிலான தடிப்பில் தங்குதன் பூசப்பட்டது. பெரிலிய ஓடுகள் ஒரே பாளமாக இல்லாமல், மேற்பரப்பில் நெருக்கமான கட்டக் கீற்றுகள் வெட்டப்பட்டிருந்தன. வெப்பத்தால் விரியும்போது ஓடு வெடிக்காமல் இருப்பதற்கே இவ்வேற்பாடு.

ஓடுகளை அடுத்தடுத்து வைப்பதில் உள்ள நுணுக்கம் தனியே கூறத்தக்கது. காந்தப்புலக் கோடுகள் சுவரை மிகச் சிறிய கோணத்தில், ஏறத்தாழ உராய்ந்தவாறே தொடுகின்றன. அவ்வழியே வரும் வெப்பம், ஓர் ஓட்டின் விளிம்பு பக்கத்து ஓட்டை விட மில்லிமீட்டரின் ஒரு பகுதி அளவு உயர்ந்திருந்தாலும் அவ்விளிம்பில் நேர்க்குத்தாக மோதும். பரப்பில் பரவ வேண்டிய வெப்பம் விளிம்பில் குவிந்து அதை உருக்கிவிடும். இதனால் ஒவ்வோர் ஓடும், தன் விளிம்பு அடுத்த ஓட்டின் நிழலில் மறையுமாறு சற்றுச் சரிவாகச் செதுக்கப்பட்டது. பொருத்தியபின் ஒவ்வொன்றின் அமர்வும் அளந்து சரிபார்க்கப்பட்டது. சுவர் முழுவதும் நுண்ணிய ஒளிப்படங்களாகப் பதிவு செய்யப்பட்டது. பின்னாளில் ஓர் ஓடு சிதைந்தால், அது தொடக்கத்தில் எப்படி இருந்தது என்பதற்கு அப்படங்களே சான்று.

இதே காலத்தில் நடுநிலைத் துகள்கற்றை வெப்பமூட்டிகளின் திறனும் உயர்த்தப்பட்டது. சுவரோ முன்பை விட எளிதில் உருகக்கூடியது. வெப்பமோ முன்பை விட மிகுதி. எனவே அகச்சிவப்பு ஒளிப்படக்கருவிகள் சுவரின் வெப்பநிலையை நொடிக்கு நொடி கண்காணித்து, வரம்பு மீறினால் வெப்பமூட்டலைத் தானே குறைக்கும் பாதுகாப்பு அமைப்பு சேர்க்கப்பட்டது. பிளாசுமா திடீரெனக் குலையும் வேளைகளில் பெருமளவு வளிமத்தைப் பாய்ச்சி அதன் ஆற்றலைப் பரவலாக்கும் அடைப்பிதழ்களும் பயன்பாட்டுக்கு வந்தன.

மீண்டும் இயக்குதல்

கலத்தை மூடுவதோடு பணி முடிவதில்லை. காற்று எக்கி எடுக்கப்பட்டபின் ஒவ்வொரு இணைப்பின் மீதும் ஈலியத்தைப் பீய்ச்சி, அது உள்ளே புகுகிறதா என்று உணரிகளால் தேடுவர். பிறகு கலம் முழுவதும் பல நாட்கள் சூடேற்றப்படும். உலோகத்தில் உறிஞ்சப்பட்டுள்ள நீர் வெளியேறுவதற்காக இது செய்யப்படுகிறது. கரிமச் சுவர்க் காலத்தில் கலம் 320 பாகை வரை சூடேற்றப்பட்டது. அதன்பின் மெல்லிய மின்னிறக்கத்தால் சுவர் தூய்மை செய்யப்படும். மின்வழங்கி, காந்தச் சுருள், அளவீட்டுக் கருவி என ஒவ்வொன்றும் தனித்தனியே இயக்கிப் பார்க்கப்பட்டு, கடைசியிலேயே பிளாசுமா உண்டாக்கப்படும். பெரும் பணிநிறுத்தத்துக்குப் பின்னர் இப்படிநிலை மட்டுமே பல வாரங்கள் எடுக்கும். திட்ட அட்டவணையில் தாமதம் ஏற்பட்டால் முதலில் வெட்டப்படுவது இவ்வாரங்களே என்பது எல்லாப் பொறியியல் திட்டங்களுக்கும் பொதுவான கேடு.

அவ்வாறு வெட்டக்கூடாது என்பதைச் சப்பானின் நாக்கா நகரில் உள்ள சேடி-60எசுஏ உலையின் பட்டறிவு காட்டுகிறது. பழைய உலையை அகற்றிவிட்டு மீக்கடத்துச் சுருள்களுடன் கட்டப்பட்ட அவ்வுலையில், 2021 மார்ச்சில் தொடக்கச் சோதனைகளின்போது ஒரு சுருளின் இணைப்பிலிருந்த மின்காப்பு பழுதுபட்டு மின்பொறி தாக்கியது. பழுது நீக்கி, அது போன்ற இணைப்புகளின் காப்பையும் வலுப்படுத்தி மீண்டும் தொடங்க இரண்டாண்டுகளுக்கும் மேலாயிற்று. முதல் பிளாசுமா 2023 அக்டோபரில்தான் கிடைத்தது.

ஜெட்டின் புதிய சுவரோடு முதல் பிளாசுமா 2011 ஆகத்து மாதத்தில், முதல் முயற்சியிலேயே உண்டாகி 15 நொடிகள் நீடித்தது. எண்பதாயிரம் உறுப்புகளைக் கையாண்டபின் இது சிறிய செய்தியன்று.

விளைவுகள்

சுவரில் தங்கும் எரிபொருளின் அளவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. இதனை உறுதிசெய்ய, 2012இல் அச்சுற்றின் இறுதி இரண்டு வாரங்களில் ஒரே வகையான வெடிப்பு 151 முறை திரும்பத் திரும்ப நடத்தப்பட்டது. உடனே அடுத்த பணிநிறுத்தத்தில் குறிப்பிட்ட ஓடுகள் தொலைக்கரத்தால் எடுக்கப்பட்டு, ஐரோப்பாவின் பல ஆய்வகங்களில் பகுத்தாராயப்பட்டன. பணிநிறுத்தம் இங்கு பழுதுபார்க்கும் காலமாக மட்டும் அமையவில்லை. அதுவே சோதனையின் கடைசிப் படியாகவும் அமைந்தது. கழிவு திருப்பியிலிருந்து உறிஞ்சி எடுக்கப்பட்ட தூசியும் மாற்றத்தைக் காட்டியது. கரிமச் சுவரின் இறுதியில் நூறு கிராமுக்கும் மேல் கிடைத்த இடத்தில், புதிய சுவரின் முதற்சுற்றுக்குப் பின் ஓரிரு கிராம் அளவே கிடைத்தது.

மறுபுறம், அஞ்சியதும் நடந்தது. தங்குதன் பிளாசுமாவின் நடுவில் சேராதிருக்க விளிம்பில் கூடுதலாக வளிமம் செலுத்த வேண்டியிருந்தது. அது விளிம்பைக் குளிர்வித்ததால், பிளாசுமா வெப்பத்தைத் தக்கவைக்கும் திறன் கரிமச் சுவர்க் காலத்தை விடக் குறைந்தது. பெரிலிய ஓடுகள் சில, பிளாசுமாக் குலைவுகளின்போது உருகி வழிந்தன. பழைய திறனை மீட்டெடுக்க ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இம்மாற்றத்தை வீண் என்று சொல்வதற்கில்லை. இச்சிக்கல்கள் ஐட்டரில் முதன்முதலில் தெரியவந்திருந்தால் அவற்றைத் தீர்க்க ஆகியிருக்கும் காலமும் செலவும் இதனினும் பன்மடங்காக இருந்திருக்கும்.

2021 திசம்பரில் புதிய சுவரோடு நடந்த டியூட்டீரியம்-டிரிட்டியம் சோதனையில் 5 நொடிகளில் 59 மெகாயூல் இணைவு ஆற்றல் வெளிப்பட்டது. 1997இல் எட்டப்பட்ட உச்ச அளவு 22 மெகாயூலுக்குச் சற்றுக் குறைவு. 2023 அக்டோபர் 3 அன்று 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாயூல் பெறப்பட்டது. உச்சத் திறனில் 1997இன் 16.1 மெகாவாட்டுச் சாதனையை ஜெட் மீண்டும் எட்டவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பிற்காலச் சோதனைகளின் நோக்கம் நிலையாக நீடிக்கும் ஆற்றலாகவே இருந்தது. இதற்கிடையே ஐட்டர் அமைப்பு 2023இல் தன் முதன்மைச் சுவருக்குப் பெரிலியத்தைக் கைவிட்டுத் தங்குதனையே பயன்படுத்துவதென அறிவித்தது. பெரிலியத்தின் நச்சுத்தன்மையும் அதன் குறைந்த உருகுநிலையும் இதற்குக் கூறப்படும் காரணங்களுள் அடங்கும்.

பிற உலைகளில்

செருமனியின் கார்ச்சிங்கில் உள்ள ஆசுடெக்சு அப்கிரேடு உலை, தன் கரிம ஓடுகளை ஒரே பணிநிறுத்தத்தில் மாற்றாமல் ஆண்டுதோறும் சிறுகச் சிறுக மாற்றி, 2007இல் முழுத் தங்குதன் சுவரை அடைந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் விளைவைக் கண்டறிந்து அடுத்த அடி எடுத்து வைக்கும் இம்முறை மெதுவானது. ஆனால் இடர் குறைந்தது. அங்கு டிரிட்டியம் பயன்படுத்தப்படாததால் ஆட்களே உள்ளே சென்று வேலை செய்ய முடிகிறது. பிரான்சின் கடராச்சில் உள்ள தோர் சுப்ரா உலை பெருமளவு மாற்றியமைக்கப்பட்டு, 2016இல் வெசுட்டு என்ற புதிய பெயருடன் தங்குதன் கழிவு திருப்பியைச் சோதிக்கும் உலையாயிற்று. கிரைப்சுவால்டில் உள்ள வெண்டல்சுடைன் 7-எக்சு, டோக்காமாக் அல்லாத வேறு வகை உலை. அதில் 2018 முதல் 2022 வரை நடந்த பணிநிறுத்தத்தில் நீரால் குளிர்விக்கப்படும் கழிவு திருப்பி பொருத்தப்பட்டது. அதன் கலம் முறுக்கிய வடிவிலானதால் உள்ளே செல்லும் குளிர்நீர்க் குழாய்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வளைவில் செய்யப்பட வேண்டியிருந்தது.

இறுதிக்காலம்

ஜெட்டின் கடைசி வெடிப்பு 2023 திசம்பர் 18 அன்று நடைபெற்றது; அது 105,842ஆவது வெடிப்பு. இனிமேல் பழுதுபார்க்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தபின், நாற்பதாண்டுகள் தவிர்க்கப்பட்டு வந்த ஒன்று இறுதியில் வேண்டுமென்றே செய்யப்பட்டது. மிகுவேக எதிர்மின்னிக் கற்றை உட்சுவரை நோக்கித் திருப்பப்பட்டு ஓடுகள் சிதைக்கப்பட்டன. சிதைவு எவ்வாறு பரவுகிறது, எத்தனை ஆழம் உருகுகிறது என்பன அடுத்த உலைகளின் வடிவமைப்புக்குத் தேவையான செய்திகள்.

அதன்பின் பராமரிப்புக்கெனப் பழகிய அதே தூக்குக்கரங்களும் மாசுகாட்டும் உலையைப் பிரித்தெடுக்கும் பணிக்கு மாற்றப்பட்டன. ஆய்வுக்கென 2024இல் அறுபதுக்கும் மேற்பட்ட ஓடுகள் கலத்திலிருந்து எடுக்கப்பட்டன. பிரித்தெடுக்கும் பணி ஏறத்தாழ 2040 வரை நீடிக்கும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது. அப்பணியில் ஓடுகளிலும் குழாய்களிலும் தங்கியுள்ள டிரிட்டியத்தைப் பிரித்து மீட்பதும் அடங்கும்.